சிறு படகில் இருந்து காட்டுயிர்ப் படம்: பினாங்கில் முதல்முறை வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில் தெலுக் பஹாங் இருக்கிறது. அங்கே ஜெட்டியில் சிறு படகு எடுத்துக் கரையோரமாகப் போய், பறவைகளையும் விலங்குகளையும் படமெடுக்கப் பழகும் தமிழ் நண்பர்கள் சிலர் நாங்கள். ஆசிரியர், மெக்கானிக், ஓய்வுபெற்ற தாதி, கல்லூரி மாணவர் என்று பலரும் இருக்கிறோம். புதிதாக வர நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நடந்தே காட்டுக்குள் போகலாமே, படகு எதற்கு?

நடந்தும் போகலாம். 2003இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்காவில் நல்ல நடைபாதைகள் இருக்கின்றன. ஆனால் மழைக்காட்டுக்குள் வெளிச்சம் மிகக் குறைவு. பறவை உச்சிக் கிளையில் இருக்கும், நீங்கள் அடியில் நின்று அதன் வயிற்றைத்தான் படமெடுப்பீர்கள். காடு கடலைத் தொடும் விளிம்பில்தான் எல்லாம் திறந்து கிடக்கிறது. கடற்கழுகு வெளிமரத்தில் உட்காரும், குரங்கு பாறைக்கு இறங்கும், நீர்நாய் கரையேறும். கடலில் இருந்து பார்க்கும்போது இவை எல்லாமே உங்கள் கண்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பாதையில் நடந்து வரும் மனிதரைக் கண்டு ஓடும் விலங்கு, மெதுவாக மிதந்து வரும் படகைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. வெயில் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துப் படகை நிறுத்தவும் முடியும். படகு நிற்கும் இடம் சரியாக அமைந்துவிட்டால் படத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும். கேமரா அமைப்புகளைவிட இதைத்தான் நாங்கள் முதலில் சொல்லிக் கொடுக்கிறோம்.

என்னிடம் கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது. வரலாமா?

தாராளமாக வரலாம். பறக்கும் பருந்தை அதில் பிடிக்க முடியாது, அதை மட்டும் மறந்துவிடுங்கள். விடியற்காலை மலை, பாறையில் மோதும் அலை, கரையில் இறங்கியதும் காலடியில் ஓடும் நண்டு, மணலில் உடும்பு இழுத்துப் போன வால்தடம் எல்லாம் கைப்பேசியில் அருமையாக வரும். விரலால் பெரிதாக்கி எடுக்காதீர்கள். விலங்கு சிறியதாகவே இருக்கட்டும், அது வாழும் இடம் படத்தில் பெரிதாக வரட்டும். அப்படி எடுத்த படங்கள் சில எங்கள் குழுவில் பெரிய லென்ஸ் படங்களைவிட நன்றாக வந்திருக்கின்றன.

என்ன லென்ஸ் வாங்கலாம்?

உடனே வாங்காதீர்கள். முதல்முறை யாரிடமாவது கேட்டு வாங்கிப் பயன்படுத்திப் பாருங்கள். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் 70–300 மி.மீ. லென்ஸும் தொடங்கப் போதும். சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் 300 மி.மீ. ஏறத்தாழ 450 மி.மீ. அளவுக்குப் பார்வையை நெருக்கித் தரும். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் 100–400 மி.மீ. எடுக்கலாம். படகுக்கு அதைவிடப் பொருத்தமான லென்ஸ் எனக்குத் தெரியாது. 600 மி.மீ. ஒற்றைக் குவியத் தூர லென்ஸ், அதாவது ஜூம் இல்லாதது, கரையில் முக்காலியோடு நிற்பவர்களுக்கு நல்லது. ஆடும் படகில் அதை வைத்துப் பறவையைத் தேடுவதற்குள் பறவை போய்விடும். திடீரென்று படகுக்குப் பக்கத்திலேயே ஏதாவது எழுந்தாலும் ஜூம் இருந்தால்தான் சமாளிக்க முடியும்.

என்னென்ன பார்க்கலாம்?

விலங்குகள் நமக்குச் சத்தியம் செய்து கொடுப்பதில்லை. ஆனாலும் அடிக்கடி காண்பவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது செம்பருந்து. நம்மவர்கள் கருடன் என்று கையெடுத்துக் கும்பிடும் அதே பறவை. தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்காவி. மீன்பிடிப் படகுகள் கரைக்குத் திரும்பும் நேரத்தில் ஜெட்டிப் பக்கமே சுற்றும். தண்ணீரில் மிதக்கும் மீன் துண்டை நகத்தால் கொத்தி, பறந்துகொண்டே குனிந்து தின்னும். தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது, ஏனென்றால் ஒரே இடத்தைப் பல தடவை வட்டமடிக்கும்.

அடுத்தது வெண்வயிற்றுக் கடற்கழுகு. இறக்கை விரித்தால் சுமார் 2 மீட்டர் இருக்கும். மிதக்கும்போது இறக்கைகளை மேல்நோக்கி ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி பிடித்திருக்கும், தூரத்திலேயே அடையாளம் தெரியும். இளம் கழுகு பழுப்பாக இருக்கும். அதை வேறு பறவை என்று நினைத்துவிடுகிறவர்கள் நிறைய.

கரையோர மரங்களில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகளைக் கவனியுங்கள். லோத்தோங் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். தாய் சாம்பல் கறுப்பாகவும் பிறந்த குட்டி பளிச்சென்ற ஆரஞ்சு மஞ்சளாகவும் இருக்கும். சில மாதங்களில் அந்த நிறம் மாறிவிடும். அந்தக் குட்டியை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் கேமராவைத் தூக்கவே மறந்துவிடுவார்கள், அதில் தப்பே இல்லை. மங்கி பீச் பக்கம் இருப்பவை நீள்வால் குரங்குகள். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் பறித்துக்கொள்ளும், எல்லாவற்றையும் பைக்குள் வைத்துவிட்டு இறங்குங்கள்.

நீர்நாய்க் கூட்டம் கண்ணில் பட்டால் அன்றைக்கு அதிர்ஷ்டம். ஓங்கில் அதைவிட அரிது.

முக்கா ஹெட் முனையில் 1883இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதைத் தாண்டித் தெற்கே திரும்பினால் பந்தாய் கெராச்சுட். அங்கே பச்சை ஆமைகள் முட்டையிட வரும், மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையமும் உண்டு. மேலே நன்னீரும் கீழே உப்புநீருமாகக் கலக்காமல் நிற்கும் ஏரி ஒன்றும் கடற்கரைக்குப் பின்னால் இருக்கிறது. மழை இல்லாத மாதங்களில் வற்றிக் கிடக்கும்.

எந்த மாதம், எந்த நேரம்?

மாதத்தைச் சொல்வது சுலபம். பினாங்கில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு, கடலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கிழக்குக் கரையில் அதே மாதங்களில்தான் வெள்ளம் வரும், அதைச் செய்தியில் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று பயணத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை பலம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அந்தக் காலத்தில் சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் திடீர்க் காற்றும் இடிமழையும் வருவதுண்டு.

நேரத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்கு வைத்தார்கள். அதனால் நமக்குச் சூரியன் தாமதமாக, காலை 7 மணியில் இருந்து 7.30க்குள் உதிக்கும். சென்னையில் இருந்து வரும் உறவினர்கள் ஐந்தரைக்கே எழுப்பச் சொல்வார்கள், அவசியமில்லை. ஆனால் உதித்த பிறகு அவசரம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் சாய்ந்து வராமல் நெட்டாக மேலே ஏறும். மென்மையான வெளிச்சம் ஒரு மணி நேரம் நின்றால் பெரிது. ஒன்பது மணிக்கு மேல் நிழல்கள் கறுத்துவிடும். பசியாறிவிட்டு வரலாம் என்று நினைத்தால் வெளிச்சம் போய்விடும். ரொட்டி சானாய் திரும்பி வந்தும் சாப்பிடலாம்.

மாலையும் நல்ல நேரம்தான். கெராச்சுட் மேற்குப் பார்த்த கடற்கரை. காலையில் அதன்மேல் மலை நிழல் விழும், மாலையில் நேர் வெளிச்சம் கிடைக்கும்.

வெளிச்சத்துக்கு அடுத்து கடலின் ஏற்றவற்றம். எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும், எப்போது இறங்கும் என்று பார்க்காமல் நாங்கள் நாள் குறிப்பதே இல்லை. இங்கே ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் அதிகம், சேறும் பாறையும் நிறைய வெளியே தெரியும். கொக்குகளும் மீன்கொத்திகளும் நீர்நாய்களும் இரை தேடும் நேரத்தை இதுதான் தீர்மானிக்கிறது. வீட்டில் தமிழ் நாட்காட்டி தொங்கினால் அமாவாசை பார்த்து நாள் குறியுங்கள், பிறகு ஏற்றவற்ற அட்டவணையில் மணியைப் பாருங்கள்.

கேமராவை எப்படி அமைப்பது?

ஷட்டர் வேகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளட்டும். பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி. உட்கார்ந்திருக்கும் பறவை அசையாது, உங்கள் படகு அசையும், அதனால் அதற்கும் 1/1000க்குக் கீழே இறங்காதீர்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) தானியங்கியில் இருக்கட்டும். காலை ஏழரைக்கு அது 3200 காட்டினால் பயப்பட வேண்டாம். புள்ளி புள்ளியாக வந்த படத்தைப் பிறகு சீர் செய்யலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. குவியம், அசையும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர்ச்சி முறையில் இருக்கட்டும். உங்கள் கேமராவில் விலங்குக் கண் கண்டறிதல் இருந்தால் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

விசையை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். கேமராவின் தற்காலிக நினைவகம் நிறைந்து, பருந்து நகத்தை நீட்டும் அந்த நொடியில் கேமரா நின்றுவிடும். சின்னச் சின்னக் கொத்துகளாக எடுங்கள்.

முக்காலி கொண்டு வரலாமா?

வேண்டாம். எஞ்சின் அதிர்வு படகின் பலகை வழியாக முக்காலிக்கு ஏறி நேராகப் படத்துக்குப் போகும். அதே காரணத்தால் எஞ்சின் ஓடும்போது முழங்கையைப் படகின் விளிம்பில் ஊன்றாதீர்கள். உட்கார்ந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். அலைக்கு ஏற்ப இடுப்புக்கு மேலே உடல் ஆடட்டும், கேமரா நிற்கட்டும். இது பழக வேண்டிய ஒன்று. முதல் மணி நேரத்தில் வரவில்லை என்று சோர்ந்துவிட வேண்டாம்.

படகோட்டியிடம் என்ன சொல்வது? அவரே கூட்டிப் போவார்தானே?

அவர் கூட்டிப் போவார், ஆனால் பெரும்பாலான பயணிகள் கேட்பது போல வேகமாகவும் மிகப் பக்கத்திலும் கூட்டிப் போவார். நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். கிளம்புவதற்கு முன்பே ஜெட்டியில் உங்கள் படங்கள் இரண்டு மூன்றைக் காட்டிப் பேசுங்கள். தெலுக் பஹாங் படகோட்டிகளில் பலர் மீனவர் குடும்பத்தினர். கழுகு எந்த மரத்தில் உட்காரும், நீர்நாய் எந்தப் பாறைக்கு வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். யாரும் கேட்பதில்லை, அதனால் சொல்வதில்லை. வயதுக்கு ஏற்ப ‘பாங்’ (அண்ணன்) என்றோ ‘பாக்சிக்’ (மாமா) என்றோ கூப்பிட்டு, கேளுங்கள்.

சொல்ல வேண்டியது நான்கே விஷயம். விலங்கை நோக்கி நேராகப் போகாமல், கடந்து போவது போலச் சாய்வாக நெருங்க வேண்டும். வெயில் நமக்குப் பின்னால் இருக்க வேண்டும். கொஞ்ச தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டு மிதந்து போக வேண்டும். பறவைக்கு எதிர்க்காற்று வரும் பக்கத்தில் நாம் நிற்க வேண்டும், ஏனென்றால் பெரிய பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், அப்போது முகம் நம்மை நோக்கி இருக்கும். ‘பெர்லாஹான் சிக்கிட், பாங்’ (கொஞ்சம் மெதுவாக, அண்ணே), ‘மாத்திக்கான் எஞ்சின்’ (எஞ்சினை அணையுங்கள்), ‘ஜாங்ஙான் டெக்காட் சாங்ஙாட்’ (ரொம்பப் பக்கத்தில் வேண்டாம்) என்ற மூன்று மலாய் வாக்கியங்களிலேயே பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.

படகுக்குள் நமக்குள்ளும் ஒரு ஒழுங்கு வேண்டும். படகின் முன்முனை 12 மணி, வலப்பக்கம் 3 மணி, இடப்பக்கம் 9 மணி. ‘10 மணி, மரத்தில்’ என்று சொன்னால் எல்லாரும் பார்க்கலாம். ‘அங்கே பார், அங்கே பார்’ என்று கை நீட்டிக் கத்தினால் பறவைதான் முதலில் பார்க்கும். எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து போகக் கூடாது, சிறு படகு கவிழும். முன்னிருக்கையில் இருப்பவர் பாதி வழியில் இடம் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

கோழித்தோல் போட்டால் பருந்து பக்கத்திலேயே வருமாமே?

வரும். லங்காவியிலும் வேறு சில ஆற்றுமுகங்களிலும் சுற்றுலாப் படகுகள் அப்படிச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் படகில் அது கிடையாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

செம்பருந்து மீனும் நண்டும் தின்று, கரையில் செத்துக் கிடப்பதை எடுத்துச் சுத்தம் செய்து வாழும் பறவை. கோழித்தோல் பெரும்பாலும் கொழுப்பு. வளரும் குஞ்சுக்கு வேண்டிய சத்து அதில் போதாது. எஞ்சின் சத்தம் கேட்டதும் கூட்டமாக ஓடிவரப் பழகிய பறவை ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும், மனிதரை நம்பும். அந்த நம்பிக்கை அதற்கு நல்லதில்லை.

படமும் வீண். கோழித்தோலுக்குப் பாயும் பருந்துப் படம் இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, எல்லாம் ஒரே கோணம். செம்பருந்து தானே தேடி, தானே பார்த்து, ஒரு மீனை எடுக்கும் படம் மங்கலாக வந்தால்கூட அதில் அந்தப் பறவையின் வாழ்க்கை இருக்கிறது. அதற்காக ஒரு காலை முழுக்கக் காத்திருக்க முடியாதவர்களுக்கு எங்கள் படகு பொருந்தாது. கூட்டின் அருகே போகச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். கடற்கழுகு ஒரே கூட்டுக்கு ஆண்டுதோறும் திரும்பி வரும் பறவை, அதை ஒருமுறை விரட்டினால் இழப்பு அந்த ஒரு நாளோடு போகாது.

கொக்கைப் படமெடுத்தால் வெறும் வெள்ளைத் திட்டாக வருகிறதே?

பின்னால் இருண்ட காடு இருப்பதால் கேமரா மொத்தக் காட்சியையும் வெளிச்சமாக்கிவிடுகிறது, கொக்கின் இறகு எரிந்துவிடுகிறது. கேமராவில் + − என்று இருக்கும் வெளிச்சத் திருத்தத்தை −1க்குக் கொண்டு போங்கள். நிழலில் இருக்கும் கருங்குரங்குக்கும் கொஞ்சம் குறைக்க வேண்டும், இல்லையென்றால் கறுப்பு சாம்பலாகிவிடும். வெளுத்த வானத்தில் பறக்கும் பருந்துக்கு மட்டும் தலைகீழ், +1 வையுங்கள்.

புலம்பெயர் பறவைகள் வேண்டுமென்றால்?

தீவை விட்டுப் பெருநிலத்துக்கு வாருங்கள். தெலுக் ஆயர் தாவார் முதல் கோலமூடா வரையுள்ள சேற்றுக் கரையில், செப்டம்பரில் இருந்து ஏப்ரல் வரை உள்ளான்களும், நீண்டு வளைந்த அலகுள்ள கோட்டான்களும் (ஆந்தை அல்ல, கரைப்பறவை) வந்து தங்கும். வடக்கே சைபீரியா வரையிலிருந்து கிழக்காசிய–ஆஸ்திரலேசியப் பறவைப் பாதையில் வருபவை அவை. பேராக் மாநிலத்தின் கோல குலாவும், தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள பட்டவொர்த்தில் இருந்து காரில் போய்வரக்கூடிய தூரம்தான். அது மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் வடக்கு விளிம்பு. இந்தச் சேற்றுக் கரைகளுக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது போவதுதான் முறை. சேறு குறையக் குறையப் பறவைகள் தாமாகவே நம் பக்கம் ஒதுங்கும், படகும் தரைதட்டாது. முழு ஏற்றத்தில் அவை ஓரிடத்தில் கூட்டமாக ஓய்வெடுக்கும். அந்த நேரத்தில் கிளப்பிவிட்டுப் பறக்கும் படம் எடுக்க நினைக்காதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கச் சேர்த்துவைக்கும் கொழுப்பை நாம் வீணாக்குகிறோம்.

மின்மினிப் பூச்சிகளைப் படகில் இருந்து எடுக்க முடியுமா?

மிகவும் கடினம். பினாங்கின் பெருநிலப் பகுதியில், நிபோங் திபாலில் கிரியான் ஆற்றோரம் மின்மினிகள் உண்டு. நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தால் படகின் ஆட்டத்தில் ஒவ்வொரு புள்ளியும் கோடாகிவிடும். கரையில் உறுதியான மேடை இருந்தால் அங்கே முக்காலி போடுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது, கைவிளக்கும் வேண்டாம். அவை மின்னுவது இணையைத் தேடி.

நாங்கள் கோலாலம்பூரில் இருக்கிறோம்.

கோல சிலாங்கூருக்குப் போங்கள். மாலையில் புக்கிட் மெலாவத்திக் குன்றில் வெள்ளிக் குரங்குகள், அப்புறம் இருட்டியதும் கம்போங் குவாந்தானில் துடுப்புப் போடும் சம்பானில் மின்மினிகள். எஞ்சின் சத்தமே இல்லாத அந்தப் பயணம் படம் கிடைக்காவிட்டாலும் போய்வர வேண்டியது.

உப்புக்காற்று கேமராவைக் கெடுக்காதா?

கவனிக்காவிட்டால் கெடுக்கும். படகில் லென்ஸ் மாற்றாதீர்கள். துளி பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்க வேண்டாம், உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஜூம் வளையம், பித்தான்கள், வார் எல்லாவற்றையும் அப்படியே துடையுங்கள்.

காலையில் வேறொரு தொல்லை. ஏர்கான் அறையில் இருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்கப் பனி பூத்துவிடும். இரவே பையை ஏர்கான் இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வளரும். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் காட்டும் உலர்பெட்டி இல்லையென்றால், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது.

கேமராவின் சிறு திரையையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் அதிகம் தலை சுற்றும். எடுத்த படத்தைக் கரையில் பாருங்கள். படகின் நடுவிலோ பின்பக்கமோ உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். மாத்திரை போடுவதானால் கிளம்புவதற்கு முன்பே, மருந்தகத்தில் கேட்டுப் போடுங்கள்.

நீச்சல் தெரியாது, பிள்ளைகளும் வருவார்கள். பயமில்லையா?

உயிர்காப்பு அங்கி எல்லாருக்கும் கட்டாயம், நீச்சல் தெரிந்தவர்களுக்கும்தான். பிள்ளைகள் அளவுக்கு அங்கி இல்லாத படகில் ஏற மாட்டோம். முந்தைய இரவும் காலையிலும் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைப் பார்ப்போம். படகோட்டி வேண்டாம் என்றால் அதோடு சரி, யாரும் வாதாடக் கூடாது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நன்றாகக் கவனிப்பார்கள், பெரியவர்கள் தவறவிட்ட நீர்நாயைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அவர்கள்தான். இருநோக்கி ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

டிரோன் பறக்கவிடலாமா?

பூங்கா அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் கூடாது. அனுமதி கிடைத்தாலும் கழுகு இருக்கும் இடத்தில் வேண்டாம், அது டிரோனை எதிரியாக நினைத்துப் பாயும்.

எடுத்த படத்தை ஃபேஸ்புக்கில் போடும்போது இடத்தைச் சொல்லலாமா?

ஜெட்டியில் தினமும் சுற்றும் செம்பருந்து என்றால் சொல்லலாம். கூடு, நீர்நாய் வளை, ஆமை முட்டையிட்ட இடம் என்றால் ‘பினாங்கு’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கைப்பேசிப் படத்தில் இடக்குறிப்பு தானாகப் பதிவாகியிருக்கும், அதையும் நீக்கிவிட்டுப் போடுங்கள். பதிவு பயன்பட வேண்டும் என்று நினைத்தால் ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் தேதியோடு சேருங்கள். ஆபத்தில் உள்ள இனங்கள் பலவற்றின் சரியான இடத்தை அவை பொதுப் பார்வையில் இருந்து மறைத்துவிடும், ஆய்வாளர்களுக்கும் உங்கள் பதிவு உதவும்.